ஓடுற தண்ணியில ஈயம் தட்டணும், படுக்கக் கூடாது

பாலாற்றில் தண்ணீர் வருவதே எப்போதாவதுதான். அதனால் வந்த நாட்களில் தூண்டிலைத் தப்பாகக் கட்டி வீணாக்கினால் எனக்குத் தாங்காது. 2021 நவம்பர் வெள்ளம் வடிந்து, பாலாற்றில் கலக்கும் பொன்னையாற்றில் முழங்காலளவு தெளிந்த தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த சமயம். திருவலம் இரும்புப் பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி, சரளைக்கல் கிடக்கிற இடமாகப் பார்த்து நின்றேன். ஒரே காலையில் ஏழு தூண்டில் முள் போச்சு. எல்லாம் கல் இடுக்கில் மாட்டி அறுந்தவை. பெரிய ஈயம் போட்டால்தான் ஓட்டத்தில் நிற்கும் என்று நினைத்திருந்தேன். அப்பா வந்து தூண்டில் நரம்பைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "டேய், ஈயம் தரையைத் தட்டிக்கிட்டே போகணும்டா, படுத்துடக் கூடாது."

ஓடுகிற தண்ணீரில் மேலே வேகம் அதிகம், அடியில் கல்லும் மணலும் இழுத்துப் பிடிப்பதால் வேகம் குறைவு. மீன் அந்த மெதுவான அடித்தண்ணீரில் எதிர்நீரைப் பார்த்து நின்று, மிதந்து வருவதைக் கொத்தும். புழுவும் அதே வேகத்தில் வந்தால்தான் சந்தேகமில்லாமல் வாயில் எடுக்கும். ஈயம் கனத்தால் புழு ஒரே இடத்தில் கட்டிப்போட்டது மாதிரி நிற்கும். ஈயம் போதாவிட்டால் மீனின் தலைக்கு மேலேயே ஓடிவிடும்.

குளத்துக்குக் கட்டுகிற கட்டு இங்கே உதவாது. நரம்பின் நுனியில் முள், அதற்கு மேலே ஈயம் என்று கட்டினால் ஈயம் மாட்டும்போது முள்ளும் சேர்ந்து போகும். நான் தலைகீழாகக் கட்டுகிறேன்: ஈயம் அடியில், முள் மேலே.

மெயின் நரம்பு 0.20 மில்லிமீட்டர். 0.16 நரம்பில் ஒன்றரை அடித் துண்டு வெட்டி, இரண்டின் நுனிகளையும் ஒரு சாண் அளவுக்கு எதிரெதிராக ஒன்றின் மேல் ஒன்று வையுங்கள். சேர்த்துப் பிடித்து ஒரு வளையம் போட்டு, மெயின் நரம்பின் நுனியையும் துண்டு முழுவதையும் சேர்த்து அதற்குள் இரண்டு முறை நுழைத்து, எச்சில் தொட்டு மெதுவாக இறுக்குங்கள். எச்சில் தொடாமல் இழுத்தால் நரம்பு சூடேறி அந்த இடத்திலேயே பலம் போகும். இப்போது முடிச்சுக்குக் கீழே இரண்டு வால் தொங்கும். மெயின் நரம்பின் வாலில், நாலு விரல்கடை விட்டு, முள். மெல்லிய நரம்பின் வாலில் ஒரு அடி விட்டு நுனியில் சாதாரண முடிச்சு ஒன்று, அதற்கு மேலே வரிசையாக ஈயக் குருணை, அதாவது நரம்பை இடுக்கி இறுக்குகிற பிளவுள்ள சின்ன ஈய மணி. முடிச்சுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய நரம்பின் நுனியை நறுக்கிவிடுங்கள். கல்லில் மாட்டினால் குருணை முடிச்சைத் தாண்டி உருவிக்கொண்டு வரும், இல்லையென்றால் மெல்லிய நரம்பு அறும். முள்ளும் புழுவும் கையில் இருக்கும். தண்ணீர் கணுக்காலளவு என்றால் அந்த ஒரு அடியை அரை அடியாக்குங்கள்.

குருணையைப் பல்லால் கடித்து இறுக்காதீர்கள். அப்பா காலமெல்லாம் அப்படித்தான் செய்தார், நான் சொல்லிச் சொல்லித்தான் நிறுத்தினார். ஈயம் விஷம். கட்டிங் பிளேயர் எடுத்துப் போங்கள், சாப்பிடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

எவ்வளவு ஈயம்? நடக்கிற வேகத்தில் ஓடும் முழங்கால் தண்ணீருக்கு அரை கிராம் குருணை இரண்டில் தொடங்குவேன். நேராக எதிரே வீசாமல், மேல்நீர்ப் பக்கம் சாய்த்து வீசி, நரம்பைத் தளர விடாமல் குச்சியை ஓட்டத்தோடு கொண்டு வர வேண்டும். விரலில் டக்... டக்... என்று தட்டு தெரிகிறதா? ஒரு வீச்சுக்கு மூன்று நாலு தட்டு போதும். ஒன்றுமே தெரியாவிட்டால் இன்னொரு குருணை. ஒவ்வொரு கல்லிலும் நின்று நின்று வந்தால் ஒன்றைக் கழற்றுங்கள். பக்கத்தில் ஒரு வேப்பிலையைப் போட்டுப் பாருங்கள்: இலை முந்திப் போய், நரம்பு கொஞ்சம் பின்தங்கி வந்தால் கணக்குச் சரி. தடித்த நரம்பை ஓட்டம் அதிகமாக இழுக்கும், அதற்குக் கூடுதல் ஈயம் கேட்கும். ஈயத்தைக் கூட்டுவதற்கு முன் நரம்பை மெலிதாக்குவதுதான் என் வழி.

நீலகிரியில் வேகமான ஓடைகளில் ட்ரவுட் பிடிக்கவும் இதே கட்டு சரிப்படும். அது குளிர்ந்த தண்ணீர் மீன், நம் பக்கம் பிழைக்காது. நமக்குக் கெண்டையும் கெளுத்தியும்தான். புதுத்தண்ணியில் எதிரேறி வருவதில் வயிறு உப்பிய சினைக் கெண்டை மாட்டினால் கையை நனைத்துப் பிடித்து முள்ளைக் கழற்றி விட்டுவிடுகிறேன். தோல் பதனிடும் ஆலைக் கழிவு கலந்த இடத்து மீனை வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை.

அணைக்கட்டை ஒட்டிக் கீழே மட்டும் இறங்காதீர்கள். ஆந்திரப் பக்கம் மழை பெய்தால் இங்கே வெயில் அடிக்கும்போதே பொன்னையில் தண்ணீர் ஏறும். தெளிந்த தண்ணீர் கலங்கி, குப்பை கூளம் மிதந்து வர ஆரம்பித்தால் நரம்பைச் சுருட்டிக்கொண்டு கரையேறிவிட வேண்டும்.