ஜாயின்ட் மார்ட்கேஜை பார்ட்னர் கைவிடப் பாக்குறாங்களா? உங்க கிரெடிட்டை எப்படி காப்பாத்திக்கறது

அமெரிக்காவுல ரெண்டு பேரும் சேர்ந்து மார்ட்கேஜ் எடுத்து வீடு வாங்கியிருப்பீங்க. இப்போ உங்களுக்குள்ள ஒத்துவரல, ஒருத்தர் "எனக்கு இந்த வீடும் வேணாம், லோனும் வேணாம், பேங்க்காரன் வந்து எடுத்துக்கட்டும்"னு ஒதுங்கப் பாக்குறாங்க. இந்த மாதிரி மாட்டிக்கிட்டு இருக்கவங்களுக்காகத்தான் இதை எழுதுறேன். ஏற்கனவே மனசு நொந்து போயிருக்கும், அதுக்கு மேல கொஞ்ச மாசம் கழிச்சு கிரெடிட் ரிப்போர்ட்டை திறந்து பாத்து இன்னொரு அடி வாங்க வேணாம்.

முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. பேங்க் கணக்குல நீங்க பாதி அவர் பாதின்னு எதுவும் கிடையாது. கையெழுத்து போட்ட ரெண்டு பேருமே முழு கடனுக்கும் பொறுப்பு. யார் வேணாம்னு சொன்னாங்க, யார் மேல தப்பு, இதெல்லாம் அவங்களுக்கு தேவையே இல்ல, ஒரு மாசம் பணம் போகலன்னா ரெண்டு பேர் ரிப்போர்ட்லயும் கறை விழும்.

ஸ்டெப் 1: உங்க பேர் எதுல இருக்குன்னு பாருங்க

வீடு வாங்குனப்போ கொடுத்த ஃபைலை எடுங்க. அதுல ரெண்டு பேப்பர் முக்கியம், ஒண்ணு ப்ராமிசரி நோட், இன்னொண்ணு டீட். நோட்ல கையெழுத்து போட்டவங்கதான் கடன்காரங்க, டீட்ல பேர் இருக்கவங்க வீட்டு ஓனர். இந்த ரெண்டையும் நிறைய பேர் ஒண்ணுன்னு நினைச்சுக்கறாங்க, அதனால வர்ற பெரிய சிக்கலை ஸ்டெப் 5ல சொல்றேன்.

ஸ்டெப் 2: லோன் அக்கவுண்ட்டை உங்க கண்ணு முன்னாடி வெச்சுக்கோங்க

லோன் சர்வீசர், அதாவது மாசாமாசம் உங்ககிட்ட மார்ட்கேஜ் பணம் வாங்குற கம்பெனி, அவங்க வெப்சைட்ல உங்க பேர்ல தனி லாகின் போடுங்க, கோ-பாரோயர்னா, அதாவது சேர்ந்து கடன் வாங்குனவர்னா, அது உங்க உரிமை. ஆட்டோபே யார் அக்கவுண்ட்ல இருந்து போகுதுன்னு பாருங்க. அவங்க அக்கவுண்ட்ல இருந்து போகுதுன்னா அவங்க சத்தமில்லாம நிறுத்திடலாம், உங்களுக்கு தெரியவே தெரியாது. பேமென்ட் வந்துச்சா இல்லையான்னு அலர்ட் உங்க ஃபோனுக்கு வர்ற மாதிரி செட் பண்ணுங்க. ஆனுவல் கிரெடிட் ரிப்போர்ட் டாட் காம்ல எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், ட்ரான்ஸ்யூனியன்னு மூணு கிரெடிட் பீரோவோட ரிப்போர்ட்டும் வாரத்துக்கு ஒரு தடவை ஃப்ரீயா எடுக்கலாம், இன்னைக்கே எடுத்து சேவ் பண்ணி வையுங்க.

ஸ்டெப் 3: 30 நாள் கணக்கு

இதுதான் உயிர் நாடி, பொறுமையா படிங்க. பேமென்ட் ஜூன் 1ஆம் தேதி ட்யூன்னு வெச்சுக்கோங்க. பெரும்பாலான லோன்ல 15 நாள் வரைக்கும் விட்டுவைப்பாங்க, அதைத் தாண்டுனா லேட் ஃபீ. அது பணத்தோட போயிடும், ஸ்கோருக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா ஜூன் மாசம் முடிஞ்சும் கட்டலன்னா 30 நாள் லேட்டுன்னு கிரெடிட் பீரோவுக்கு ரிப்போர்ட் போகும், அந்த கறை 7 வருஷம் ரிப்போர்ட்ல உக்காந்திருக்கும். ஃபிக்கோங்கற கிரெடிட் ஸ்கோர்ல பேமென்ட் ஹிஸ்டரிக்கு மட்டுமே 35 சதவீதம், அதனால நல்ல ஸ்கோர் இருக்கவங்களுக்குத்தான் அடி இன்னும் பலமா விழும்.

இங்க ஒரு பொறி இருக்கு. "என் பங்கு பாதியை நான் கரெக்டா கட்டிடறேன், மீதிக்கு அவர் பதில் சொல்லட்டும்"னு நியாயமா யோசிச்சு மாசம் 2,400 டாலர் கட்ட வேண்டிய இடத்துல 1,200 அனுப்புவீங்க. சர்வீசர் அதை பேமென்ட்டாவே எடுத்துக்காம ஓரமா ஒதுக்கி வைக்கலாம். ஸ்டேட்மென்ட்ல "அன்அப்ளைடு ஃபண்ட்ஸ்"னு ஒரு வரி இருக்கான்னு பாருங்க, உங்க 1,200 அங்கதான் தூங்கிட்டு இருக்கும், நீங்க பணம் கொடுத்தும் லேட்தான்.

அதனால முடிஞ்சா முழுசா கட்டிடுங்க, சண்டையை அப்புறம் போட்டுக்கலாம். உங்க தனி அக்கவுண்ட்ல இருந்து கட்டுங்க, ஒவ்வொரு ரசீதையும் எடுத்து வையுங்க, பிரிக்கும்போது இந்த பணத்தை கணக்குல சேக்கச் சொல்லி உங்க வக்கீல் கேக்கலாம். கேஸ் நடந்துட்டு இருக்குன்னா, முடியுற வரைக்கும் மார்ட்கேஜை யார் கட்டணும்னு கோர்ட்ல ஒரு தற்காலிக ஆர்டர் கேளுங்க. இதை கேக்காம விட்டுடறவங்கதான் அதிகம்.

ஸ்டெப் 4: தனியா கட்டவே முடியலன்னா

ஒரு மாசம் தவறுறதுக்கு முன்னாடியே சர்வீசருக்கு போன் போட்டு "லாஸ் மிட்டிகேஷன் அப்ளிகேஷன் வேணும்"னு இதே வார்த்தையில கேளுங்க. கொஞ்ச மாசம் தள்ளிவைக்கிறது, லோனை மாத்தி எழுதுறதுன்னு என்ன வழி இருக்குன்னு அவங்க சொல்லணும். யார்கிட்ட எந்த தேதி பேசுனீங்கன்னு குறிச்சுக்கோங்க. குடியிருக்கிற வீடுன்னா, பொதுவா 120 நாளுக்கு மேல பாக்கி ஆனாதான் ஃபோர்குளோஷரையே, அதாவது கடனுக்காக வீட்டை எடுத்துக்கறதையே, ஆரம்பிக்க முடியும், அதனால போன் வந்ததும் பதறாதீங்க. ஆனா அந்த 120 நாள் உங்க ஸ்கோருக்கு பாதுகாப்பு இல்ல, 30, 60, 90ன்னு கறை ஏறிக்கிட்டேதான் இருக்கும். அமெரிக்க அரசோட வீட்டுவசதித் துறையான ஹட் (HUD) அங்கீகாரம் உள்ள ஹவுசிங் கவுன்சிலர்ஸ் இந்த மாதிரி விஷயத்துல ஃப்ரீயா உதவுவாங்க. பணம் வாங்கிட்டு வீட்டை காப்பாத்தித் தர்றேன்னு வர்றவங்க பக்கமே போகாதீங்க.

ஸ்டெப் 5: லோன்ல இருந்து பேரை எடுக்குறது

"க்விட்க்ளெய்ம் டீட்ல கையெழுத்து போட்டுக் கொடுத்துடு, உனக்கும் வீட்டுக்கும் சம்பந்தமே இல்ல"னு சொல்லுவாங்க. போட்டுடாதீங்க! அது டீட்ல இருந்து மட்டும்தான் உங்க பேரை எடுக்கும், நோட் அப்படியே இருக்கும், அதாவது வீடு போயிடும் கடன் உங்ககிட்டயே நிக்கும். டிவோர்ஸ் டிக்ரியும் அப்படித்தான். "இந்த லோனை அவர் கட்டணும்"னு ஜட்ஜ் எழுதியிருந்தாலும் அது உங்க ரெண்டு பேருக்கு நடுவுலதான், பேங்க்கை அது கட்டுப்படுத்தாது. அவர் கட்டலன்னா கோர்ட்டுக்கு போய் அவர்கிட்ட பணம் கேக்கலாம், ஆனா விழுந்த கறை விழுந்ததுதான்.

உண்மையிலேயே வெளிய வர மூணு வழி இருக்கு. ஒருத்தர் தன் பேர்ல மட்டும் ரீஃபைனான்ஸ் பண்றது, அதாவது புது லோன் எடுத்து பழசை அடைக்கிறது, அதுக்கு அவங்க ஒரு ஆள் சம்பளம் போதும்னு லெண்டர் ஒத்துக்கணும். இல்லன்னா வீட்டை வித்து லோனை அடைக்கிறது. மூணாவது அஸம்ப்ஷன், அதாவது இருக்கற லோனையே வட்டி மாறாம ஒருத்தர் ஏத்துக்கறது. எஃப்எச்ஏ (அரசு இன்சூரன்ஸ் உள்ள லோன்), விஏ (முன்னாள் ராணுவத்தினருக்கான லோன்) ரெண்டுலயும் இதுக்கு வழி இருக்கு, ஆனா மத்தவரை விடுவிச்சுட்டோம்னு எழுத்துல ரிலீஸ் வாங்காம நம்பிடாதீங்க.

வீட்டோட விலை கடனை விட கம்மியா இருந்தா லெண்டர் சம்மதத்தோட ஷார்ட் சேல், அதாவது கடனை விட கம்மி விலைக்கு விக்கிறது, பண்ணலாம். அதுவும் ஸ்கோரை இறக்கும், ஆனாலும் அடுத்த வீட்டுக்கு ஃபேனி மே (லெண்டர்கள்கிட்ட இருந்து மார்ட்கேஜை வாங்கிக்கற பெரிய நிறுவனம்) விதிப்படி வர்ற லோன் எடுக்க பொதுவா 4 வருஷம் காத்திருந்தா போதும், ஃபோர்குளோஷர் ஆச்சுன்னா 7 வருஷம். மீதி கடனை திரும்ப கேக்க மாட்டோம்னு எழுத்துல வாங்காம மட்டும் கையெழுத்து போடாதீங்க, ஸ்டேட்டுக்கு ஸ்டேட் சட்டம் மாறும்.

ஸ்டெப் 6: மத்த ஜாயின்ட் அக்கவுண்ட்ஸ்

ஹீலாக் (HELOC, வீட்டை வெச்சு வேணும்போது பணம் எடுக்குற கடன்) இருந்தா, புதுசா யாரும் பணம் எடுக்காம நிறுத்தி வைக்கச் சொல்லி லெண்டருக்கு எழுதுங்க. ஜாயின்ட் கிரெடிட் கார்டுகளை அடைச்சு மூடுங்க, உங்க கார்டுல அவங்க ஆத்தரைஸ்டு யூசரா இருந்தா எடுத்துடுங்க.

எல்லாம் முடிஞ்சு வீடு வித்தோ ரீஃபைனான்ஸ் ஆகியோ ரெண்டு மாசம் கழிச்சு மூணு ரிப்போர்ட்டையும் மறுபடி எடுங்க. பழைய மார்ட்கேஜ் பேலன்ஸ் ஜீரோன்னு, அக்கவுண்ட் மூடியாச்சுன்னு இருக்கணும். இல்லன்னா பேஆஃப் லெட்டர் (லோன் அடைஞ்சுடுச்சுன்னு லெண்டர் கொடுக்குற கடிதம்) காப்பியை வெச்சு அந்த பீரோல டிஸ்ப்யூட் போடுங்க, பொதுவா 30 நாளைக்குள்ள விசாரிச்சு பதில் சொல்லியாகணும்.