வீட்டில் எடைப் பயிற்சி: தொடங்குகிறவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

முதுகை வளைக்காதே, மூச்சை அடக்காதே என்றெல்லாம் சொல்ல வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. அவற்றை இங்கே விட்டுவிடலாம். மாதக்கணக்கில் விடாமல் செய்தும் உடம்பில் ஒன்றுமே மாறவில்லை என்கிறவர்களிடம் பார்க்கும் தவறு வேறு.

எடையை மாற்றாமலே இருப்பது

2 கிலோ டம்பெல் ஒரு ஜோடி, தினமும் கைக்கு 20 தடவை. முதல் இரண்டு வாரம் கை வலிக்கும். பிறகு வலி நின்றுவிடும். உடம்பு பழகிவிட்டது என்று சந்தோஷப்பட்டு, அடுத்த தீபாவளி வரை அதே 2 கிலோவைத் தூக்கிக்கொண்டிருப்பார்கள். பார்க்கவே எரிச்சலாக இருக்கிறது. உழைப்பில் குறையே இல்லை, ஆனால் அத்தனையும் வீண். சுலபமாகத் தூக்க முடிகிற எடைக்காகத் தசை வளராது.

ஒரு செட் (ஓய்வில்லாமல் தொடர்ந்து செய்யும் தடவைகள்) முடியும்போது இன்னும் இரண்டு மூன்று தடவைக்கு மேல் முடியாது என்ற நிலை வர வேண்டும். 12-இல் வந்தாலும் சரி, 25-இல் வந்தாலும் சரி. சிரித்துப் பேசிக்கொண்டே முடிக்கிற செட் எதற்கும் உதவாது.

வழி இதுதான்: ஒரு பயிற்சிக்கு மூன்று செட், செட்டுக்கு 8 முதல் 12 தடவை, நடுவில் இரண்டு நிமிட ஓய்வு. மூன்று செட்டிலும் 12 வந்துவிட்டால் அடுத்த முறை எடையைக் கூட்டுங்கள். எண்ணிக்கை 8-க்கு இறங்கும், இறங்கட்டும். மறுபடி 12-க்குக் கொண்டுபோங்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ள முடியாது. தேதி, எடை, எண்ணிக்கை மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள்.

அதனால்தான் எடை மாற்ற முடியாத டம்பெல்லை வாங்க வேண்டாம் என்பது. பிளேட் (எடை வட்டு) மாட்டுகிற வகையில் இருபுறமும் 1.25 கிலோ சேர்த்தால் 2.5 கிலோ ஏறும். தோள் பயிற்சிக்கு இதுவே அதிகம்: 5 கிலோவிலிருந்து 7.5 என்றால் ஒரேயடியாகப் பாதி கூடுகிறது. அங்கே மட்டும் 15 தடவை வரை போய்விட்டு ஏற்றுங்கள்.

டம்பெல் இல்லையா? பள்ளிப் பையில் ஒரு கிலோ அரிசிப் பொட்டலங்களாக அடுக்குங்கள். தண்டாலுக்குப் படிகள் உண்டு: முதலில் சுவர், பிறகு சமையல் மேடை, கட்டில் விளிம்பு, தரை, கடைசியில் கால் ஸ்டூல் மேல். ஒரு படியில் 12 சுலபமானால் அடுத்த படி.

முதுகை மறப்பது

தண்டால் எடுப்பார்கள், முழங்கையை மடக்கி எடை தூக்கும் கர்ல் செய்வார்கள், இழுக்கும் பயிற்சி ஒன்றுகூட இருக்காது. ஒரு கையைக் கட்டிலில் ஊன்றி, முதுகை நேராக வைத்துக் குனிந்து, மறுகையில் பையையோ டம்பெல்லையோ இடுப்பை நோக்கி இழுங்கள். தண்டால் எத்தனை செட்டோ இதுவும் அத்தனை.

உடற்பயிற்சிக்கான ரப்பர் பேண்டைக் கதவில் மாட்டி இழுப்பதானால், கதவு உங்களுக்கு எதிர்ப்பக்கம் திறப்பதாக இருக்கட்டும். உங்கள் பக்கம் திறக்கிற கதவு இழுக்கும்போதே திறந்துகொண்டு, பேண்ட் முகத்தில் அடிக்கும்.

தொப்பைக்காக சிட்-அப்

குறையாது. அது சாப்பாட்டுக் கணக்கு.

டம்பெல் நட்

பிளேட்டைக் கழலாமல் பிடிக்கும் நட்டை ஒவ்வொரு செட்டுக்கும் முன் இறுக்குங்கள்.

தினமும் அதே தசை

ஒரு நாள் விட்டு ஒரு நாள். வாரத்துக்கு மூன்று நாள் போதும்.

முதல் நாளே 200 பஸ்கி

இரண்டு மூன்று நாள் வலி இயல்புதான். ஆனால் தாங்க முடியாத வலியோடு தசை வீங்கி, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்கும் நிலை அது. முதல் வாரம் பயிற்சிக்கு இரண்டு செட்டோடு நிறுத்துங்கள்.

இட்லியை நம்பித் தசை வளர்ப்பது

தசை வளர உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் அளவுக்குப் புரதம் தேவை. 60 கிலோ எடை என்றால் நாளுக்கு 96 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் காய்ந்த கொண்டைக்கடலையில் ஏறக்குறைய 20 கிராம். ஒரு இட்லியில் 2 கிராம்தான் தேறும். மூன்று வேளையிலும் முட்டை, மீன், கோழி, சுண்டல், தயிர், பனீர் இவற்றில் ஏதாவது ஒன்று தட்டில் இருக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.