டாடா பென்ஸ் ரேடியேட்டருக்குப் பெயிண்ட்: முதல்முறை செய்பவர்களுக்கு

டாடாவின் டெல்கோ நிறுவனமும் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸும் 1954-லிருந்து 1969 வரை சேர்ந்து வேலை பார்த்த காலத்து லாரிகளை இன்றும் காரைக்குடிப் பக்கம் ‘டாடா பென்ஸ்’ என்றுதான் சொல்கிறோம். நான் புதுப்பித்துக்கொண்டிருப்பதும் அப்படி ஒன்றுதான். அந்தக் காலத்து ரேடியேட்டர் செம்பும் பித்தளையும் ஈயப்பற்றும் சேர்ந்தது. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் இன்னும் பல வருடம் உழைக்கும்.

என்ஜின் முழுக்க ஆறிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். அடியில் உள்ள குழாயைத் திறந்து, தண்ணீரை ஒரு பேசினில் பிடியுங்கள். என்ஜினைக் குளிர்விக்க ஊற்றும் கூலன்ட் கலந்திருந்தால் தரையில் விடவே கூடாது. அது இனிக்கும். நாயோ ஆடோ நக்கினால் உயிருக்கே ஆபத்து. இறுகிப்போன ஹோஸை இழுத்துப் பிடுங்க வேண்டாம், பித்தளைக் கழுத்து நெளிந்துவிடும். கத்தியால் கீறி எடுத்துவிட்டுப் புதிது வாங்கிக்கொள்ளுங்கள். ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே ஓர் அட்டையைச் செருகிவிட்டு, இரண்டு பேராகத் தூக்குங்கள்.

அடுத்தது ஒழுகல் சோதனை. பெயிண்ட் டப்பாவைத் திறக்கும் முன்பே இதை முடித்துவிட வேண்டும், ஏனென்றால் பெயிண்ட் எந்த ஓட்டையையும் அடைக்காது. பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும் இடங்களில் சந்தேகப்படுங்கள். ரேடியேட்டர் பட்டறையில் வாய்களை அடைத்து, தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, காற்று விட்டுப் பார்ப்பார்கள். மூடியில் போட்டிருக்கும் அழுத்தத்துக்கு மேல் காற்று விட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குமிழி வந்தால் அங்கேயே பற்றவைத்துவிடலாம்.

சுத்தம் செய்வதற்குத்தான் ஒரு நாள் முழுக்கப் போகும். நம் ஊர்ச் செம்மண் புழுதியும் செத்த பூச்சியும் ஃபின்கள் என்ற மெல்லிய தகடுகளுக்குள் செங்கல் மாதிரி இறுகிக் கிடக்கும். சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, என்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகச் சாதாரண ஹோஸால் அடியுங்கள். வாட்டர் சர்வீஸ் கன்னைக் கிட்டே கொண்டுபோனால் ஃபின்கள் படுத்துவிடும். ஏற்கெனவே படுத்தவற்றை மெல்லிய தகட்டால் ஒவ்வொன்றாக நிமிர்த்துங்கள். பொறுமை வேண்டும், ஆனால் காற்று போகும் வழி இதுதான்.

மேல், கீழ் டாங்குகளில் பழைய பெயிண்டை ரிமூவர் போட்டு எடுங்கள். தீ காட்டி எடுக்கவே கூடாது. ஈயப்பற்று 200 டிகிரியை ஒட்டியே உருகத் தொடங்கிவிடும். பழைய பெயிண்டிலும் ஈயம் இருக்கலாம் என்பதால் முகமூடி போட்டுக்கொண்டு, உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத்தான் தேய்க்க வேண்டும். தூசி பறக்கக் கூடாது. பித்தளை தெரிந்ததும் நான் புளி போட்டுத் தேய்த்தேன். குத்துவிளக்குக்கும் அண்டாவுக்கும் நம் வீடுகளில் செய்வதேதான், கருப்பு அப்படியே விட்டுப்போகும். புளிப்பு துளியும் தங்காமல் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைக்க வேண்டும். பக்கவாட்டு இரும்புச் சட்டங்களின் துருவைச் சுரண்டி, ரெட் ஆக்சைடு அடியுங்கள்.

சரி, இப்போது பெயிண்ட். மூடி வாய், ஹோஸ் கழுத்துகள், தண்ணீர்க் குழாய், எண் பொறித்த தகடு எல்லாவற்றுக்கும் டேப் ஒட்டுங்கள். வழவழப்பான பித்தளையில் சாதாரண பிரைமர் பிடிக்காது, உலோகத்தை லேசாக அரித்துப் பிடித்துக்கொள்ளும் எட்ச் பிரைமர் கேட்டு வாங்குங்கள். டாங்குகளுக்கு அதை மெல்லியதாக ஒரு கோட், அது காய்ந்த பின் கருப்பு இரண்டு கோட். ரேடியேட்டர் சூடு ஏறக்குறைய தண்ணீர் கொதிக்கும் அளவில்தான் இருக்கும் என்பதால், விலை கூடிய சைலன்சர் பெயிண்ட் தேவையில்லை.

ஃபின்கள் உள்ள நடுப்பகுதியில்தான் பலரும் கெடுத்துவிடுகிறார்கள். நானும் முதல் ரேடியேட்டரில் பிரஷ்ஷால் எனாமலை அப்பினேன். இடைவெளி அடைத்து, பாரம் ஏற்றியதும் என்ஜின் கொதித்தது. அங்கே பிரைமரும் வேண்டாம், பளபளப்பும் வேண்டாம். மேட் கருப்பில் தின்னரைத் தாராளமாகக் கலந்து, ஸ்ப்ரே கன்னைச் சாய்த்துப் பிடித்து, நாலு பக்கத்திலிருந்தும் புகை படிவது போல ஒரே ஓட்டம். அப்புறம் பின்பக்கமும் அப்படியே. முடித்த கையோடு பின்னால் பல்பைப் பிடித்துப் பாருங்கள். முன்பு தெரிந்த வெளிச்சம் அதே அளவு தெரிய வேண்டும். அடைத்த இடத்தில் பெயிண்ட் காயும் முன் மெல்லக் காற்று ஊதிவிடுங்கள்.

சித்திரை வெயிலில் மதிய நேரம் அடித்தால், பெயிண்ட் தகட்டில் படுமுன்பே காய்ந்து மணல் மாதிரி விழும். காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். ஐப்பசி மழை ஈரத்தில் கருப்பு வெளுத்துப்போகும், அந்த மாதம் வேண்டாம். வீட்டு உள்முற்றமான வளவுக்குள் வைத்து அடிக்கவே அடிக்காதீர்கள். ஆத்தங்குடிக் கல் தரையில் படிந்தால் போகாது.

ஓரிரு நாள் காயவிட்டுப் புது ரப்பர், புது ஹோஸ் போட்டுப் பூட்டுங்கள். கிணற்றுத் தண்ணீரோ போர்த் தண்ணீரோ ஊற்றினால் டியூப்புக்குள் உப்பு படியும். டிஸ்டில்டு வாட்டரோடு கூலன்ட் கலந்து ஊற்றி, கால் மணி நேரம் என்ஜினை ஓட்டி, ஆறவிட்டு, இறங்கிய அளவை நிரப்புங்கள். முதல் நாள் புது பெயிண்ட் சூடேறி லேசாக வாடை வரும்.