மறதி நோய் உள்ள பெரியவரோடு சேர்ந்து வாழ்க்கைக் கதைப் புத்தகம் செய்வது எப்படி?

வீட்டில் டிமென்ஷியா உள்ள பெரியவர் ஒருவர் இருந்தால் இதைக் கவனித்திருப்பீர்கள். எட்டு மணிக்குச் சாப்பிட்ட இட்லி பத்து மணிக்கு நினைவில் இருக்காது. ஆனால் சின்ன வயதில் தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் இறைக்கக் கவலை ஓட்டிய எருதுகளில் எது இடத்து மாடு, எது வலத்து மாடு, எது முரண்டு பிடிக்கும் என்பதெல்லாம் வரிசையாக வரும். புதிதாக நடப்பதைப் பதிய வைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப்பகுதி, டிமென்ஷியாவில் அதிகம் காணப்படும் வகையான அல்சைமர் நோயில் ஆரம்பத்திலேயே அடிபட்டுவிடுகிறது. அதனால் நேற்றையது முதலில் போகிறது, பழையது மெதுவாகத்தான் போகிறது. அதிலும் சுமார் 10 வயது முதல் 30 வயது வரை நடந்தவை ஆழமாக நிற்கின்றன.

அப்படி நிற்பதை வைத்து, அவரோடு உட்கார்ந்து, அவர் பேச்சிலேயே செய்வதுதான் வாழ்க்கைக் கதைப் புத்தகம். நாங்கள் என் மாமியாரோடு செய்தோம். ஈரோடு மாவட்டத்தில் கோபி (கோபிசெட்டிபாளையம்) பக்கம், கொடிவேரி அணைத் தண்ணி பாயும் ஊர். அந்த அனுபவத்தை வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இதனால் நோய் குறையாது. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் மனநிலையிலும் பேச்சிலும் சிறிய அளவு நன்மை, அதுவும் எல்லோருக்கும் ஒரேபோல் இல்லை என்றுதான் சொல்கிறார்கள். அப்புறம் எதற்கு இந்த வேலை என்றால், அந்த அரைமணி நேரம் அவர் விஷயம் தெரிந்தவர், நாம் தெரியாதவர். மற்ற நேரமெல்லாம் தலைகீழாக இருக்கிறது. வயசானால் பழங்கதைதான் என்று நாம் அலுத்துக்கொள்கிறோம். அது புத்தி மங்கியதன் அடையாளம் அல்ல, முதுமையில் மனசு இயல்பாகச் செய்யும் வேலை என்று ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1963-லேயே எழுதிவிட்டார்.

1. கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்

"உங்க கதையை எழுதி வைக்கலாம்னு இருக்கறேனுங்க, சொல்றீங்களா?" என்று கேளுங்கள். நோய் ஆரம்பக் கட்டத்தில் இருக்கும்போதே கேட்பது நல்லது. "எங்கிட்ட என்ன கெடக்குது" என்பார்கள், குறிப்பாகப் பெண்கள். அதை மறுப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ எழுந்து போனாலோ அது மறுப்புதான், அன்றைக்கு விட்டுவிடுங்கள். முதல் நாள் சரி என்றவர் நாலாம் நாள் வேண்டாம் என்று சொல்லலாம், ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கொள்வதுதான் மரியாதை.

2. நேரமும் இடமும்

காலைச் சாப்பாடு முடிந்த பிறகு உட்காருங்கள். பொழுது இறங்கும் நேரத்தில் பலருக்குக் குழப்பமும் படபடப்பும் கூடும், அப்போது வேண்டாம். இருபது நிமிஷம், மிஞ்சினால் அரைமணி. டிவியை அணைத்துவிடுங்கள். கண்ணாடியும் காது மெஷினும் போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். பல வீடுகளில் "எதுவும் பேச மாட்டேங்கறார்" என்பதற்குக் காரணம் காது மெஷினில் பேட்டரி தீர்ந்திருப்பது. எதிரில் உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்தால் விசாரணை மாதிரி தெரியாது.

3. படம் சேகரிப்பது

பீரோ, டிரங்குப் பெட்டி, ஆசாரத்துச் சுவரில் மாட்டிய பிரேம், ஒரம்பரை (சொந்தக்காரர்) வீட்டு ஆல்பம் எல்லாவற்றிலும் தேடுங்கள். பசைத் தாள் ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்க வேண்டாம், அப்படியே வைத்துப் போனில் எடுங்கள். வெளித் திண்ணையில், நேர் வெயில் படாத வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல் எடுத்தால் நன்றாக வரும். மூலப்படத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். புத்தகத்தில் நகல்தான் போக வேண்டும், ஏனென்றால் இது கையில் புரண்டு கிழியப்போகிற பொருள்.

சரி, படமே இல்லாதவர்களுக்கு? காடு தோட்டத்தில் உழைத்தவர்கள் பலருக்கு இளவயதுப் படம் ஒன்றுகூட இருக்காது. அதனால் புத்தகம் நின்றுவிடாது. பொருளும் சத்தமும் வாசமும் படத்தைவிட வேகமாக வேலை செய்வதுண்டு. பவானியில் ஜமக்காளம் நெய்தவர் என்றால் ஒரு துண்டு ஜமக்காளத்தைக் கையில் கொடுங்கள், விரல் தானாகக் கரையைத் தடவும். சென்னிமலையில் தறிக்கு நூல் தார் சுற்றியவருக்கு நூல்கண்டு. ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் வெள்ளாமை செய்தவருக்கு வேக வைத்துக் காய்ந்த விரலி மஞ்சள். கோயமுத்தூர் மில்லில் இருந்தவரிடம் சங்கு ஊதிய நேரங்களைக் கேளுங்கள், ஷிப்டு, ஸ்பின்னிங், ரீலிங், சம்பள நாள் என்று எல்லாம் அதோடு சேர்ந்து வரும். பொருளைப் படம் எடுத்து அதையே ஒரு பக்கமாக வையுங்கள்.

இன்னொரு யோசனையும் வரும்: பழைய இடங்களுக்குப் போய் இன்று இருப்பதைப் படம் எடுத்து வரலாம் என்று. எனக்கு அதில் அவ்வளவு விருப்பமில்லை. தொட்டிக்கட்டு வீடு இருந்த இடத்தில் மெத்தை வீடும், சினிமா கொட்டகை இருந்த இடத்தில் மண்டபமும் நிற்கும். அதைக் காட்டினால் "இது எங்க ஊரே இல்ல" என்பார், அவர் சொல்வது நியாயம்தான். மாறாமல் இருக்கும் கோயில், ஆறு, மலை என்றால் எடுக்கலாம்.

4. பேச வைப்பது

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். "ஞாபகம் இருக்கா?", "இது யாரு சொல்லுங்க பார்க்கலாம்?" என்ற இரண்டு கேள்விகளையும் மொத்தமாக விட்டுவிடுங்கள். வந்துபோகிற ஒவ்வொருவரும் அதைத்தான் கேட்கிறார்கள், ஒவ்வொரு தடவையும் பரிட்சையில் தோற்கிற மாதிரி அவருக்கு இருக்கும். பெயரை நாமே சொல்லிவிட வேண்டும். அப்புறம் பதில் தப்பாகவே முடியாத ஒன்றைக் கேட்க வேண்டும்.

எங்கள் வீட்டில் ஸ்டுடியோவில் எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம். பின்னால் வரைந்த திரை, ஒரு ஸ்டூலில் பூச்சட்டி, இரண்டு இளம் பெண்கள். பக்கத்தில் நிற்பது யார் என்று அத்தைக்குத் தெரியவில்லை. நான், "இது உங்க தங்கச்சிங்கத்தே. ரண்டு பேரும் நல்லா சிங்காரிச்சுட்டு நிக்கறீங்க" என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். தங்கையின் முகத்தைத் தொடவில்லை, தன் தோளைத் தொட்டார்.

"இந்த ரவுக்கை என்றதில்ல அம்மிணி. எங்க பெரியம்மா மவளுது. போட்டோப் புடிக்கோணும்னு வாங்கிப் போட்டுட்டுப் போனேன். கையி புடிச்சுது."

"அப்பறம் குடுத்தீங்களா?"

"குடுக்காம? தொவைச்சு, மடிச்சுக் குடுத்தேன்."

வருஷம் தெரியவில்லை, ஸ்டுடியோ எந்த ஊர் என்று தெரியவில்லை. அந்தப் பக்கத்துக்கு இந்த மூன்று வரிகள் போதும். "1960-களில் சகோதரியுடன்" என்று நானே எழுதியிருந்தால் அதை யார் இரண்டாம் தடவை படிக்கப்போகிறார்கள்?

கேள்வி கேட்கும்போது கண், காது, கை, நாக்கு பக்கம் போங்கள். நோம்பிக்குப் பலகாரம் ஒப்பிட்டா கச்சாயமா? சந்தகை புழிய யார் மரத்தை அமுக்குவாங்க? பண்ணாரி குண்டத்துக்கு நடந்து போனீங்களா, வண்டி கட்டிட்டா? அந்தியூர்க் குருநாதசாமி தேருக்கு, அந்தக் குதிரைச் சந்தைக்குப் போயிருக்கீங்களா? இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் பதில் சுலபமாக வரும். கேட்டபின் காத்திருங்கள். மனசுக்குள் பத்து எண்ணும் நேரம் சும்மா இருந்தால்தான் அவருக்குச் சொல் கிடைக்கும், நாம் இடையில் புகுந்து எடுத்துக் கொடுத்தால் அறுந்துவிடும்.

வருஷம் தேவைப்பட்டால் ஊர் நடப்பை வைத்துக் கணக்குப் போடுங்கள். இன்று 80 வயதானவருக்கு அந்த ஆழமான காலம் என்பது ஏறக்குறைய 1955-லிருந்து 1975 வரை. பவானிசாகர் அணை கட்டி முடிந்தது 1955. அணா போய்ப் புதுப்பைசா வந்தது 1957. இந்தி எதிர்ப்புப் போராட்டம் 1965. "வாய்க்கால் தண்ணி வந்தது உங்க கல்யாணத்துக்கு முந்தியா, பொறவா?" என்றால் சொல்லிவிடுவார்கள். இந்தக் கணக்கு உங்களுக்குத்தான், அவரிடம் வருஷம் கேட்க வேண்டாம்.

பேச்சைப் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள், அவரிடம் சொல்லிவிட்டு. குறிப்பு எடுக்க ஆரம்பித்தால் நம் கண் தாளுக்குப் போய்விடும். பாட்டு ஏதாவது வந்தால் நிறுத்தாதீர்கள். வாக்கியம் தடுமாறுகிறவர்கள்கூட கும்மிப் பாட்டை முழுசாகப் பாடிவிடுவதுண்டு.

5. எழுதுவது

அவர் சொன்னபடியே, "நான்" என்றே எழுதுங்கள். "பொறந்தது", "வெள்ளாமை", "பொடக்காணி" எல்லாம் அப்படியே இருக்கட்டும். பள்ளிக்கூடத் தமிழுக்கு மாற்றினால் படித்துக் காட்டும்போது அது தன் கதை என்று அவருக்குப் படாது. பக்கத்துக்கு மூன்று நான்கு வரி போதும்.

தகவல் முன்னுக்குப் பின் முரணாக இருந்தால்? ஒரு நாள் சீராகக் கொடுத்தது மயிலைப் பசு, இன்னொரு நாள் செவலை. இரண்டில் எதை முகம் மலர்ந்து சொன்னாரோ அதை எழுதுங்கள். இது பத்திரப்பதிவு இல்லை. ஊர் முகவரி எழுதும்போதும் அப்படித்தான். கோபி 1979 வரை கோயமுத்தூர் ஜில்லாவில்தான் இருந்தது, அவர் பிறந்த ஊரைக் கோயமுத்தூர் ஜில்லா என்றால் அப்படியே போடுங்கள். பேரன் வந்து "ஈரோடு மாவட்டம்" என்று திருத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

6. பக்கம் கட்டுவது

ஏ4 தாள், கொஞ்சம் கனமானது. ஒரு பக்கத்துக்கு ஒரே படம், பெரிதாக. எழுத்து 18 பாயிண்டுக்குக் குறையாமல், வெள்ளைத் தாளில் கறுப்பு மை. பின்னணியில் பூ, கோலம், கலர் எதுவும் வேண்டாம். ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் போடலாமா என்று கேட்பார்கள். நான் ரிங் ஃபைல்தான் சொல்வேன், பக்கத்தைக் கழற்றலாம், சேர்க்கலாம். பளபளப்பான லேமினேஷனில் டியூப்லைட் வெளிச்சம் அடித்துப் படமே தெரியாமல் போகும், மேட் வகை கிடைத்தால் போடுங்கள். படத்துக்குக் கீழே பெயரும் உறவும், அவர் கூப்பிடுகிற முறையிலேயே: "சின்னவன்", "எங்க நங்கையா". அட்டையில் அவர் இளவயதுப் படமும் பெயரும்.

7. விட வேண்டியவை

பங்கு பிரித்ததில் பேச்சு நின்றுபோன தம்பி, சின்னதிலேயே போன குழந்தை, கடனில் விற்ற காடு. இவை எல்லா வீட்டிலும் உண்டு. எதைச் சேர்ப்பது என்பது அவர் முடிவு. குடும்பத்தார் முடிவு செய்தால் புத்தகம் கல்யாண ஆல்பமாகிவிடும். அவராகப் பேச்சை எடுத்தால் கேளுங்கள், அழுதால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், அழுகை வந்தாலே நிறுத்தியாக வேண்டும் என்றில்லை. ஆனால் ஒரு பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் பதறுகிறார் என்றால் அந்தப் பக்கத்தைக் கழற்றிவிடுங்கள்.

கணவர் படத்தைப் பார்த்து "அவிக எங்க, இன்னும் காணோம்?" என்று கேட்கலாம். "மாமா செத்துப் பத்து வருஷம் ஆச்சு" என்றால் ஒவ்வொரு தடவையும் புதிதாக இழவு சொல்வது போலாகிவிடும். "மாமாவுக்குக் காபி எப்படி இருக்கோணும்?" என்று அவரைப் பற்றியே பேச்சைக் கொண்டுபோங்கள். அதே காரணத்துக்காகப் படத்தின் கீழ் "மறைந்த" என்று போடுவதில்லை.

ஆதார், பட்டா, பேங்க் விவரம் எதுவும் இதில் வரக்கூடாது, வந்துபோகிறவர்கள் கையில் எடுப்பார்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கு முன்பும் அவரைக் கேளுங்கள்.

8. புத்தகத்தைப் புழங்குவது

பீரோவில் பூட்டாதீர்கள். கட்டில் பக்கத்தில், கைக்கு எட்டும்படி இருக்கட்டும். முதல் பக்கத்திலிருந்துதான் பார்க்க வேண்டும் என்பதில்லை. எங்கள் அத்தை பெரும்பாலும் ரவுக்கைப் பக்கத்தைத்தான் திறக்கிறார். ஒரம்பரை வந்தால் என்ன பேசுவதென்று தெரியாமல் முழிப்பார்களே, அவர்கள் கையில் இதைக் கொடுத்துவிடுங்கள். இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக 2023-ல் வெளியான ஒரு மதிப்பீடு சொல்கிறது. வந்தவர்கள் பார்க்கக்கூடாதென்று உள்ளறையில் உட்கார வைக்கும் அளவுக்கு இது அபூர்வமும் இல்லை, அவமானமும் இல்லை. நோய் முற்ற முற்றப் பக்கங்களைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். எழுத்து பயன்படாமல் போன பிறகும் பெரிய படமும், கையில் தரும் துணியும், போனில் பதிந்த அவர் பாட்டும் பயன்படும்.

கடைசிப் பக்கத்தை வீட்டில் பார்த்துக்கொள்ள வரும் ஆளுக்காக எழுதுங்கள். எப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், காபியா டீயா, சர்க்கரை எவ்வளவு, எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பார், குளிக்கத் தண்ணி எவ்வளவு சூடு, எதற்குப் பயப்படுவார். ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தால் இந்த ஒரு பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கட்டில் தலைமாட்டில் ஒட்டிவிடலாம். மாத்திரை விவரத்தை மட்டும் இதில் எழுத வேண்டாம், டாக்டர் மாற்றிக்கொண்டே இருப்பார். அதைத் தனிச் சீட்டில், தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.