செய்முறை வகுப்பு: முன்தயாரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக வரும் அறிவியல் ஆசிரியர்கள் ஆண்டுதோறும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள்: செய்முறையின் முன்தயாரிப்பில். குரல் எடுபடாதது, கரும்பலகையில் எழுத்து கோணுவது எல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும்; அவற்றை விட்டுவிடலாம். ஒளிச்சேர்க்கைப் பாடத்தில் வரும் அயோடின் சோதனையைப் பாருங்கள். இலையின் ஒரு பகுதியைக் கறுப்புக் காகிதத்தால் மூடி வெயிலில் வைத்து, பச்சையத்தை நீக்கி அயோடின் விட்டால், வெளிச்சம் பட்டு ஸ்டார்ச் உண்டான பகுதி மட்டும் கருநீலமாக வேண்டும்.

முன்கூட்டியே செய்து பார்க்காதது

பாடக்குறிப்பில் ‘செய்து காட்டல்’ என்று எழுதிவிட்டு, முதன்முதலாகப் பிள்ளைகள் முன்னால்தான் செய்கிறார்கள். இலை முழுக்கப் பழுப்பாகவே நிற்கும். இல்லையென்றால் கறுப்புக் காகிதம் மூடிய பகுதியும் சேர்ந்து கருநீலமாகிவிடும். உடனே, “புத்தகத்தில் இருக்கிறபடி எழுதிக்கோங்க” என்கிறார்கள். கண்ணால் காணாததைக் கண்டதாக எழுதப் பழக்குவதைப் போல ஓர் அறிவியல் வகுப்புக்குக் கேடு வேறில்லை. பார்க்கும்போதெல்லாம் எரிச்சல்தான் வருகிறது.

மூடிய பகுதியும் கறுத்தால், செடி போதுமான நேரம் இருட்டில் இல்லை. இலையில் பழைய ஸ்டார்ச் மிச்சமிருக்கிறது. 24 முதல் 48 மணி நேரம் இருட்டு வேண்டும். புதன் பிற்பகல் வகுப்பென்றால் திங்கள் மாலையே தொட்டியை இருட்டறைக்குள் வையுங்கள். புதன் காலை இலையின் இருபுறமும் காகிதத்தைக் கிளிப்பால் இறுக்கி, நாலைந்து மணி நேரம் வெயிலில் விடுங்கள்.

நிறமே வராவிட்டால் காரணம் பல. வெங்காயத் தாளில் ஸ்டார்ச் சேராது; செம்பருத்தி இலை நல்லது. ஆல்கஹாலில் பச்சையம் முழுதாக வெளியேறாவிட்டால் நிறமாற்றம் தெரியாது. இலை சூடாக இருக்கும்போது அயோடின் விட்டால் கருநீலம் தங்காது, ஆறவிடுங்கள். அயோடின் கரைசலே பழசாகியிருக்கலாம்: முதல் நாளே ஒரு சோற்றுப் பருக்கையில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். பருக்கை கறுக்காவிட்டால் கரைசலை மாற்றுங்கள்.

ஆல்கஹாலை நேரடித் தீயில் காட்டுவது

கூடவே கூடாது. அது சுமார் 78 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும், ஆவி தீப்பிடிக்கும். பீக்கரில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்த பிறகே ஆல்கஹாலும் இலையும் உள்ள சோதனைக் குழாயை அதற்குள் வையுங்கள்.

இடுக்கியைத் தேடி ஆளனுப்புவது

முதல் நாளே எல்லாவற்றையும் ஒரு தட்டில் எடுத்து வையுங்கள்.

நேரம் பார்க்காதது

தண்ணீர் கொதிப்பது முதல் நிறம் தெரிவது வரை அரை மணி நேரம் ஆகிவிடும். பீரியட் 40 நிமிடம்தான். மணி அடித்ததும் தண்ணீரை அடுப்பில் ஏற்றுங்கள். இலை வெளுக்கும் இடைவெளியில் கேள்விகளைக் கேளுங்கள்.