பழைய கமாரோல எல்எஸ் இன்ஜின் போடறீங்களா? பெட்ரோல் லைனை முதல்ல பாருங்க

1969 செவர்லே கமாரோ மாதிரி பழைய அமெரிக்க கார்ல எல்எஸ் இன்ஜின் (ஜிஎம் கம்பெனியோட பிற்கால V8) மாத்தறவங்க ஹார்ஸ்பவர் கணக்கையே போட்டுட்டு இருப்பாங்க, பெட்ரோல் எப்படி வந்து சேரும்னு கடைசியில தான் யோசிப்பாங்க. பழைய கார்புரேட்டருக்கு 5, 6 பிஎஸ்ஐ பிரஷர் போதும், இன்ஜின்ல இருக்கற மெக்கானிக்கல் பம்பே அதைக் குடுத்துடும், ஆனா எல்எஸ்ல பெட்ரோலைப் பீய்ச்சற இன்ஜெக்டர் இருக்கு, அதுக்கு 58 பிஎஸ்ஐ வேணும். அதனால உள்ளயே எலக்ட்ரிக் பம்ப் இருக்கற டேங்கா வாங்கி மாட்டிடுங்க, வெளிய மாட்டற பம்ப் ஊய்ய்ய்னு கத்திட்டே வரும், பாட்டு கூட கேக்க முடியாது. பிரஷரை ஒரே அளவுல வெச்சிருக்கற ரெகுலேட்டருக்கு மண்டைய உடைச்சுக்க வேணாம், 1999ல இருந்து 2003 வரைக்கும் வந்த செவர்லே கொர்வெட் கார்ல ஃபில்டரும் ரெகுலேட்டரும் ஒண்ணாவே 58க்கு செட் ஆகி இருக்கும், அதை டேங்க் பக்கத்துல மாட்டினா இன்ஜினுக்கு ஒரே லைன் போதும். பழைய ரப்பர் ஹோஸை மட்டும் அப்படியே விட்றாதீங்க, அந்த பிரஷருக்கு தாங்காது, தீப்பிடிக்கற சமாச்சாரம்.

அப்புறம் ஒண்ணு, பிக்கப் டிரக்ல இருந்து எடுத்த 5.3 லிட்டர் எல்எஸ் இன்ஜின்னா அடியில ஆயில் தேங்கற ஆயில் பேன் ரொம்ப ஆழம், இன்ஜினுக்கு கீழ குறுக்க போற சட்டமான கிராஸ்மெம்பருக்கும் கீழ தொங்கும், ரோட்டு மேட்டுல முதல்ல இடி வாங்கறது அதுதான். ஆழம் கம்மியான பேன் வாங்கறப்போ அதுக்கு சேர்ற, ஆயிலை உறிஞ்சற பிக்கப் டியூபும் சேர்த்து வாங்குங்க.