எஸ்.பி.எம் முடித்துத் தமிழாசிரியர் ஆக: படிப்படியாக ஒரு வழிகாட்டி

சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் மலேசிய இடைநிலைப்பள்ளியில் ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம் தேர்வின் முடிவு வந்த வாரத்தில் "டீச்சர் வேலைக்கு எங்கே மனு போடணும்?" என்று பிள்ளைகளும் பெற்றோரும் கேட்டு வருவார்கள். நல்ல கேள்விதான். ஆனால் அதற்குரிய முக்கியமான முடிவு நான்காம் படிவத்திலேயே எடுக்கப்பட்டிருக்க வேண்டும். அதனால் இதை நான்காம் படிவப் பிள்ளைகளும் அவர்களின் அம்மா அப்பாவும் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

முதல் படி: எந்தப் பள்ளியில் கற்பிக்கப் போகிறீர்கள்?

தமிழ்ப்பள்ளி, அதாவது தொடக்கப்பள்ளி என்றால் ஆசிரியர் கல்விக் கழகம். நம்மவர்கள் சுருக்கமாக ஐ.பி.ஜி என்பார்கள். நாடு முழுவதும் 27 வளாகங்கள் உண்டு. நமக்குப் பக்கத்திலேயே உலு கிந்தாவில் ஈப்போ வளாகம் இருக்கிறது. எஸ்.பி.எம் முடித்தவுடன் இதற்கு மனு போடலாம். ஓராண்டு ஆயத்தப் படிப்பு, அதன்பின் நான்கு ஆண்டு பட்டப்படிப்பு.

இடைநிலைப்பள்ளியில் தமிழ் கற்பிக்க வேண்டுமானால் தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம், அதாவது உப்சி. 1922-இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கி 1997-இல் பல்கலைக்கழகமான இடம் அது. அங்கே தமிழ்மொழிக் கல்வியில் இளங்கலைப் பட்டம் உண்டு. எஸ்.பி.எம்மை மட்டும் வைத்துக்கொண்டு இந்தப் பட்டப்படிப்பில் சேர முடியாது. ஆறாம் படிவத்தில் படித்து எழுதும் எஸ்.டி.பி.எம் போன்ற ஒரு படிப்பை இடையில் முடித்திருக்க வேண்டும்.

இரண்டாம் படி: தமிழை எஸ்.பி.எம் பாடமாக எடுங்கள்

பல பிள்ளைகள் கோட்டை விடுவது இங்கேதான். ஆறு வருடம் தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளை, இடைநிலைப்பள்ளியில் "தமிழ் வகுப்பு இல்லை", "கூடுதல் பாடம் பாரமாக இருக்கும்" என்ற இரண்டு வார்த்தையைக் கேட்டு தமிழை விட்டுவிடுகிறது. பிறகு ஆசிரியராக ஆசை வரும்போது, எத்தனை ஏ இருந்தாலும் தமிழ்ப் பிரிவுக்கு மனு போட முடியாமல் நிற்கிறது.

1996 கல்விச் சட்டப்படி, ஒரு பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தாய்மொழி வகுப்புக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். ஆகவே பக்கத்து வீட்டுப் பெற்றோரையும் சேர்த்துக்கொண்டு, பெயர்ப் பட்டியலோடு பள்ளி முதல்வரிடம் கடிதமாகக் கொடுங்கள். வாய்ப்பேச்சாக விட்டுவிடாதீர்கள். வகுப்பு அமையாமல் போனாலும் பிள்ளை தமிழைத் தேர்வுப் பாடமாகப் பதிந்து வெளியே படிக்கலாம். பதிவு செய்யும் நாளில் "தமிழ்மொழி" என்ற வரி தாளில் இருக்கிறதா என்று நீங்களே கண்ணால் பாருங்கள்.

மூன்றாம் படி: தரங்களைச் சரிபாருங்கள்

ஐ.பி.ஜி வழக்கமாக எதிர்பார்ப்பது குறைந்தது ஐந்து பாடங்களில் ஏ. ஏ பிளஸ், ஏ, ஏ மைனஸ் மூன்றுமே இதில் சேரும். மலாய்மொழியில் கிரெடிட், அதாவது சி-யும் அதற்கு மேலும் வாங்கியிருக்க வேண்டும். தமிழ்ப் பிரிவுக்குத் தமிழில் நல்ல தரம் தேவை. மலேசியக் குடிமகனாக இருக்க வேண்டும். வயது 20-ஐத் தாண்டக்கூடாது. அந்தந்த ஆண்டு விளம்பரத்தில் பிரிவுவாரியாகத் தரங்கள் போட்டிருப்பார்கள். அக்காவுக்குப் போன வருஷம் சொன்னதை வைத்துக்கொண்டு மனு போடாதீர்கள்.

மலாய்மொழியும் வரலாறும் சரியாக வராதவர்கள் மனம் உடைய வேண்டாம். அந்தப் பாடங்களை மறுபடி எழுத எஸ்.பி.எம் மறுதேர்வு இருக்கிறது.

நான்காம் படி: உப்சிக்குப் போவோர் ஆறாம் படிவம் போகலாம்

ஐந்து ஏ கிடைக்காவிட்டால் ஆசிரியர் கனவு போய்விட்டது என்று தோட்டத்தில் ஒரு பேச்சு உண்டு. தவறு. ஆறாம் படிவம் மூன்று தவணை, ஏறக்குறைய ஒன்றரை வருடம், கட்டணச் சுமையும் குறைவு. எஸ்.டி.பி.எம்மில் தமிழை ஒரு பாடமாக எடுத்துப் படியுங்கள். உயர்கல்விக்கூடச் சேர்க்கை புள்ளியில் 90 விழுக்காடு தேர்வுக்கு, 10 விழுக்காடு புறப்பாடத்துக்கு. சாரணர், பூப்பந்து, தமிழ்மொழிக் கழகம் எதுவானாலும் பெயருக்கு இருக்காமல் பொறுப்பு ஒன்றை ஏற்றுச் செய்யுங்கள்.

மூவெட் ஆங்கிலத் தேர்வை எழுத மறக்காதீர்கள். அது இல்லாமல் அரசுப் பல்கலைக்கழக மனு முழுமையாகாது. மனு, அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யுபியு இணையத்தளம் வழியாகப் போகும்.

ஐந்தாம் படி: தாள்களைத் தயார் செய்யுங்கள்

அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், எஸ்.பி.எம் முடிவு, பள்ளி விடுப்புச் சான்றிதழ், புறப்பாடச் சான்றிதழ்கள். இவற்றை அலமாரி அடியில் ஈரத்தில் வைக்காமல் தெளிவான ஃபைலில் வையுங்கள். பெயர் எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். அப்பா பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் இப்போதே தேசியப் பதிவிலாகாவிலோ பள்ளியிலோ திருத்திக்கொள்ளுங்கள். நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தபின் நேரம் இருக்காது. நகல்களில் தலைமையாசிரியரிடம் உறுதிக் கையொப்பமும் முத்திரையும் வாங்கி வையுங்கள்.

ஆறாம் படி: சோதனையும் நேர்முகத் தேர்வும்

பல்கலைக்கழகக் கல்விப் பட்டத்துக்கு மெட்சி என்ற சோதனை உண்டு. ஆளுமை, தொழில் ஆர்வம், நேர்மை, உணர்வு நுண்ணறிவு ஆகியவற்றை அது பார்க்கிறது. மனப்பாடம் செய்ய அதில் எதுவும் இல்லை. அமைதியாக உட்கார்ந்து உண்மையாகப் பதில் சொல்லுங்கள்.

நேர்முகத் தேர்வுதான் நம் பிள்ளைகள் பயப்படும் இடம். பெரும்பாலும் மலாயில் கேட்பார்கள். தமிழ்ப் பிரிவுக்கு வந்தவரிடம் தமிழிலும் பேசச் சொல்லலாம். தேசியக் கல்வித் தத்துவத்தைத் தெரிந்து வையுங்கள். "ஏன் ஆசிரியராக விரும்புகிறாய்?" என்ற கேள்விக்கு "சிறு வயதிலிருந்தே ஆசை" என்று எல்லாரும் சொல்வார்கள். நான் பிள்ளைகளுக்குச் சொல்லும் பயிற்சி வேறு. பக்கத்து வீட்டு முதலாம் ஆண்டுப் பிள்ளையைப் பிடித்து, லகர ளகர ழகர வேறுபாட்டைப் பத்து நிமிடம் கற்றுக் கொடுங்கள். எந்த இடத்தில் பிள்ளை குழம்பியது, நீங்கள் என்ன செய்து பார்த்தீர்கள், எப்போது முகம் தெளிந்தது என்பதைக் குறித்து வையுங்கள். அப்புறம் அதையே மலாயில் வீட்டில் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். தேர்வாளர் கேட்கும்போது இதைச் சொல்லும் பிள்ளையின் குரலில் தடுமாற்றம் குறையும், ஏனென்றால் அது தானே செய்து பார்த்த விஷயம்.

ஏழாம் படி: இடம் கிடைத்தபின்

ஐ.பி.ஜியில் சேருவோர் மருத்துவப் பரிசோதனை செய்து, சேவை ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். படித்து முடித்தபின் வீட்டுக்குப் பக்கத்திலேயே வேலை கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். கெடாவிலிருந்து ஜொகூர் வரை எங்கும் அனுப்புவார்கள். இதைக் கையெழுத்திடும் முன் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பேசிவிடுங்கள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள் வீட்டில்.

உப்சியில் சேருவோருக்குக் கல்விச் செலவு உண்டு, பி.டி.பி.டி.என் என்ற அரசு உயர்கல்விக் கடனுக்கு மனு போடலாம். பட்டம் முடித்தபின் கல்விச் சேவை ஆணையத்தின் நேர்முகத் தேர்வு இருக்கிறது. ஆறாம் படியில் சொன்ன பயிற்சியின் குறிப்புகளைத் தூக்கிப் போடாமல் அதற்கும் எடுத்து வையுங்கள்.